உமறுப் புலவர்: எட்டயபுரத்தில் அடங்கிய அத்தர் வியாபாரியின் மகன்

சிற்றூர்களின் மண்ணிலும் பெரியவர்கள் துயில்வதுண்டு. தமிழ்நாட்டில் கோவில்பட்டிக்கு அருகே, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், எட்டயபுரம் என்றோர் ஊர் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் மண். பருத்தி விளையும் பூமி. முன்னாளில் எட்டப்ப வம்சத்தாரின் தலைநகராய் இருந்தது. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் 1835-இல் அவ்வூரில்தான் காலமானார். அவருடைய சமாதி அங்கே இருக்கிறது. பாரதியார் 1882-இல் அங்கே பிறந்தார். 1947-இல் அவருக்கு அங்கே மணிமண்டபம் எழுந்தது. இவ்விருவருக்கும் முன்னரே அந்த மண்ணில் அடக்கமாகிவிட்ட மற்றொரு பெரியார் நம்மவர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அவர்களைத்தான் சொல்கிறோம்.

நம் சங்கத்து அங்கத்தினர்கள் எல்லோருக்கும் அவர் பெயர் தெரியும். அவர் வரலாற்றைத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு அந்த வரலாற்றில் தனிப்பட்ட பாத்தியதை ஒன்று உண்டு. அவர் வியாபாரியின் மகன். அவர் பாடிய காவியமும் வியாபாரிகளின் பொருளைக் கொண்டே எழுந்தது. ஆகவே இவ்விதழில் அதைச் சுருக்கமாய்ச் சொல்ல முற்பட்டோம்.

பிறப்பும் கல்வியும்

உமறுப் புலவர் பிறந்தது 1642-ஆம் ஆண்டு என்று கொள்வர். தகப்பனார் பெயர் செய்கு முதலியார். அவர்கள் மலையாளக் கரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அத்தர் முதலிய வாசனைப் பொருள்களை ஊர் ஊராய்க் கொண்டு போய் விற்றவர்கள். நாகலாபுரத்தில் சில காலம் தங்கி, பின் எட்டயபுரம் வந்து குடியேறினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அத்தர் வாங்குகிறவர்கள் அரண்மனைக்காரர்களும் செல்வர்களும்தாமே. அந்தப் பழக்கத்தில் அரண்மனை வாசல் அவர்களுக்குத் திறந்தது, மகனுக்கும் திறந்தது.

அந்நாளில் எட்டயபுரத்து ஆஸ்தான வித்துவானாக இருந்தவர் கடிகைமுத்துப் புலவர். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆனாலும் அத்தர் வியாபாரியின் பிள்ளைக்குத் தமிழில் இருந்த ஆசையைக் கண்டு, தம் மாணாக்கரில் ஒருவராக அவரைச் சேர்த்துக்கொண்டார். இலக்கணமும் காவியமும் கற்பித்தார். குருவின் மதம் ஒன்று, சீடனின் மதம் ஒன்று. அதனால் பாடம் குறையவில்லை. இன்று உலகமெங்கும் தமிழ் முஸ்லிம்கள் பெருமையோடு எடுத்துச் சொல்லும் காவியத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் அந்த இந்துப் பெரியவர். நன்றியறிதல் உடையவர்கள் இதை மறக்கலாகாது.

உமறுவுக்குப் பதினாறு வயது இருக்கும்போது, வாலை வாருதி என்னும் வடநாட்டுப் புலவர் ஒருவர் எட்டயபுரம் வந்து கடிகைமுத்துப் புலவரை வாதுக்கு அழைத்தாராம். வந்தவரின் ஆரவாரத்தைக் கண்டு குருநாதர் தயங்க, சீடர் முன்வந்து வாது செய்து வந்தவரைத் தோற்கடித்தார் என்பர். அதன் பின் எட்டப்ப மன்னர் அவரை ஆதரித்தார். குருவுக்குப் பின் ஆஸ்தானப் புலவர் ஸ்தானமும் அவருக்கே வந்தது. அத்தர்ப் பெட்டி சுமந்தவர் மகனுக்கு அது சாமானியமான பதவியன்று. அரசர் மானியமும் மரியாதையும் கிடைத்துவிட்டன. அத்தோடு நின்றிருந்தால் ஊர்ப் புலவர் வரிசையில் ஒருவராக அவர் பெயர் மறைந்து போயிருக்கும்.

சீதக்காதி வள்ளலின் விருப்பம்

அக்காலத்தில் கீழக்கரையில் கப்பல் வணிகம் செய்து பெரும் பொருள் ஈட்டியவர் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் அவர்கள். செய்கு அப்துல் காதிர் என்ற பெயரே தமிழ் மக்கள் வாயில் சீதக்காதி என்று ஆயிற்று. இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு மிக வேண்டியவர். பஞ்ச காலத்தில் தம் களஞ்சியத்தைத் திறந்து விட்டவர் என்று படிக்காசுப் புலவர் அவரைப் பாடினார். இறந்த பின்னும் கொடுத்தவர் என்று இன்றளவும் எல்லா மதத்தாரும் சொல்லும் வள்ளல் அவரே.

அந்த வள்ளல் மனத்தில் ஒரு குறை இருந்தது. தமிழ் நாட்டில் இராமகாதை உண்டு, பாரதம் உண்டு, வேறு சமயத்தாரின் காவியங்களும் பல உண்டு. தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் ஆயிரமாயிரம் பேர் இருந்தும், பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வை முழுக் காவியமாகச் சொல்லும் நூல் தமிழில் இல்லை. முஸ்லிம் புலவர்கள் பாடவே இல்லை என்பதன்று. 1572-இல் ஆயிரம் மசலாவும், 1590-இல் மிகுராசு மாலையும் தோன்றியிருந்தன. ஆயினும் கம்பர் காவியத்துக்கு அருகே வைத்துப் படிக்கத் தக்க நபி சரிதை வரவில்லை. அதைச் செய்விக்கத் தம் பொருள் உதவட்டும் என்று வள்ளல் எண்ணினார்கள். எட்டயபுரத்துப் புலவரை அழைத்தார்கள்.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். கப்பல் வாங்கப் பணம் போடுகிறவர், அது திரும்பி வரும் நாளைக் கணக்குப் பார்க்கலாம். காவியம் பாடப் பணம் போடுகிறவர் எந்த நாளைக் கணக்குப் பார்ப்பார்? அது முடியுமா என்பதே தெரியாது. முடிந்தாலும் படிப்பவர் உண்டா என்பதும் தெரியாது. அப்படிப்பட்ட காரியத்தில் ஒரு வியாபாரி முதல் போட்டார்.

அப்பா அவர்களின் மறுப்பு

புலவருக்குத் தமிழ் தெரியும். நபி சரிதையை நுணுக்கமாய்ச் சொல்ல ஹதீஸும் அரபு வரலாற்று நூல்களும் தெரிய வேண்டும். அதற்குக் கீழக்கரையில் இருந்த மாமேதை சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களிடம் சென்றார்கள். அரபு மொழியிலும் மார்க்கக் கல்வியிலும் அக்காலத்தில் ஈடிணையற்றவர்களாக விளங்கியவர்கள் அப்பா அவர்கள்.

புலவரோ அரசவையில் வளர்ந்தவர். உடையும் அணியும் நடையும் சமஸ்தானத்துப் புலவர்களைப் போல இருந்தன. அந்தக் கோலத்தைப் பார்த்த அப்பா அவர்கள், பெருமானாரின் சரிதையை இவரிடம் ஒப்படைக்க மனம் கொள்ளவில்லை, மறுத்துவிட்டார்கள். வள்ளலின் சிபாரிசு இருந்தும் மறுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். செல்வரின் முகத்துக்காக மார்க்க விஷயத்தில் வளைந்து கொடுக்காத ஆலிம்கள் இருந்த காலம் அது.

புலவர் மனமுடைந்தார்கள். பள்ளிவாசலில் அழுது கிடந்தார்கள் என்றும், பெருமானார் (ஸல்) அவர்கள் இருவர் கனவிலும் தோன்றி அருளினார்கள் என்றும் பெரியோர்கள் சொல்லி வருகிறார்கள். அதன் பின் அப்பா அவர்கள் மனமிரங்கினார்கள். பறங்கிப்பேட்டையில் இருந்த மாமு நெயினார் லெப்பை அவர்களிடம் சென்று வேண்டிய செய்திகளைப் பெற்றுக்கொள்ளும்படி அனுப்பி வைத்தார்கள். அரபு நூல்களில் இருந்த செய்திகளை லெப்பை அவர்கள் எடுத்துச் சொல்ல, புலவர் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டு தமிழ் விருத்தமாக்கினார்கள். எட்டயபுரத்து ஆஸ்தான வித்துவான், பறங்கிப்பேட்டையில் மீண்டும் மாணவரானார்.

வள்ளல் மறைந்த பின்

நூல் முற்றுப்பெறுமுன் சீதக்காதி வள்ளல் மௌத்தாகிவிட்டார்கள் என்பர். ஆதரித்தவர் போனால் வேலையும் நிற்பது உலக வழக்கம். பாதி கட்டிய வீடும் பாதி எடுத்த மனாராவும் நாம் பார்க்காதவை அல்ல. ஆனால் பறங்கிப்பேட்டையில் இருந்த அபுல் காசிம் மரைக்காயர் என்னும் வணிகப் பெருந்தகை அந்தப் பாரத்தைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்கள். புலவர் குறையின்றி இருந்து பாடப் பொருள் கொடுத்தார்கள். நூலும் அவர்கள் ஆதரவில் அரங்கேறியது.

கம்பர் தம்மை ஆதரித்த சடையப்ப வள்ளலைக் காவியத்துக்குள் வைத்துப் பாடியது போல, உமறுப் புலவரும் சீறாவின் பல இடங்களில் அபுல் காசிம் மரைக்காயரை வைத்துப் பாடினார்கள். ஆனால் முதலில் எண்ணியவரும், முதலில் பொருள் கொடுத்தவருமான சீதக்காதி வள்ளலின் பெயர் அக்காவியத்துக்குள் இல்லை. சீதக்காதி நொண்டி நாடகம், சீதக்காதி திருமண வாழ்த்து என்னும் வேறு நூல்களில் வள்ளலைப் பாடியதாகச் சொல்லுவர். சீறாவில் இல்லை. பள்ளிவாசலுக்கு ஒரு மின்விசிறி கொடுத்தாலும் அதன் இறக்கையில் பெயர் எழுதச் சொல்லும் காலம் இது. எவர் கேட்டதால் சீறா பிறந்ததோ அவர் பெயர் அதில் ஓர் எழுத்தும் இல்லை. ஆயினும் சீறா என்றவுடன் சீதக்காதி என்றே ஊர் சொல்லுகிறது. கொடுத்ததைக் கல்லில் வெட்டி வைத்தால்தான் நிற்கும் என்பதில்லை.

காவியத்தின் அமைப்பு

சீறாப்புராணம் மூன்று காண்டங்களை உடையது. பெருமானாரின் பிறப்பும் இளமையும் விலாதத்துக் காண்டம். நபிப்பட்டம் பெற்ற பின் மக்காவில் நடந்தவை நுபுவ்வத்துக் காண்டம். மதீனா சென்றதும் அதற்குப் பின் நடந்தவையும் ஹிஜ்ரத்துக் காண்டம். முறையே 24, 21, 47 படலங்கள், ஆக 92. பாட்டுக்கள் 1239, 1105, 2683, ஆக 5027. ஹிஜ்ரத்துக் காண்டம் உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. பெருமானாரின் கடைசி ஆண்டுகள் அதில் இல்லை. எஞ்சிய சரிதையைப் பின்னால் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் என்பவர் சின்னச் சீறா என்று பாடி நிறைவு செய்தார்.

புலவர் அரபு நாட்டைப் பாடிய விதம் இன்பமானது. மழை பெய்து ஆறு பெருகி வயலில் நாற்று நடும் நாடாக அதைப் பாடுகிறார்கள். மக்காவில் ஏது நெல் வயல் என்று கேட்பவர் உண்டு. நாட்டுக்கு வளம் பாடுவது தமிழ்க் காவிய மரபு. அதோடு, கேட்கிறவன் தாமிரவருணிக் கரையிலும் வைகைக் கரையிலும் இருப்பவன். அவன் கண்டறிந்த வளத்தைக் காட்டியே நபியின் நாட்டை அவன் நெஞ்சுக்கு அருகே கொண்டு வந்தார்கள். ஜிப்ரயீல் என்பதைச் சிபுறயீல் என்றும், கதீஜா என்பதைக் கதீசா என்றும் தமிழ் நாவுக்கு ஏற்க மாற்றினார்கள். தீன், ஈமான் முதலிய மார்க்கச் சொற்களை மட்டும் உள்ளபடியே வைத்தார்கள்.

வியாபாரிகளான நாம் படிக்க வேண்டிய பகுதிகள் அதில் நிறைய உண்டு. கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கை ஏற்றிக்கொண்டு பெருமானார் ஷாம் தேசத்துக்கு வணிகம் செய்யப் போன பயணத்தைப் பல படலங்களில் விரித்திருக்கிறார்கள். பிறர் முதலை ஏற்றுப் போகிறவர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டாம்.

மானுக்குப் பிணை நின்ற படலம் மற்றொன்று. வேடன் ஒருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டிப் போட்டான். குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதாக அது பெருமானாரிடம் முறையிட்டது. அது திரும்பும் வரை தாமே அதற்கு ஜாமீன் என்று பெருமானார் வேடனிடம் சொல்லி அதை அவிழ்த்து விடச் செய்தார்கள். சொன்ன சொல் தவறாமல் மான் குட்டியோடு திரும்பி வந்தது. கண்ட வேடன் மனம் மாறிக் கலிமாச் சொன்னான், மானும் விடுதலையாயிற்று. 555 புத்தகத்தில் பற்று எழுதிக் கடன் கொடுத்தவர்களுக்கு ஜாமீன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஜாமீன் நிற்கிறவனுக்கு லாபத்தில் பங்கு கிடையாது. நஷ்டம் வந்தால் முழுவதும் அவன் தலையில். ஒரு வாயில்லா ஜீவனுக்காக அப்படி நின்ற பெருமானாரை, படிப்பறியாதவனும் கேட்டு உருகும்படி புலவர் பாடியிருக்கிறார்கள்.

அடக்கமும் அதன் பின்னும்

உமறுப் புலவர் 1703-இல் எட்டயபுரத்தில் வபாத்தானார்கள்; அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். சதக்கத்துல்லா அப்பா அவர்களும் சீதக்காதி வள்ளலும் கீழக்கரையில் அடங்கியிருக்கிறார்கள். அவர்கள் கபர்கள் பள்ளிவாசல்களின் நிழலில், நம்மவர்கள் நிறைந்த ஊரில் இருக்கின்றன. புலவரின் கபரோ நம்மவர்கள் குறைவாக உள்ள கரிசல் ஊரில் தனித்திருந்தது.

காவியம் மட்டும் ஏட்டுச் சுவடியாக வீடு வீடாய்ப் போயிற்று. ஏட்டைக் கறையான் தின்னும்; எழுதுகிறவன் கை பிழைக்கும். சுமார் 140 ஆண்டுகள் இப்படியே கழிந்தன. புலவர் நாயகம் என்று பெயர் பெற்ற செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சுவடிகளைத் தேடிச் சேர்த்து, ஒப்புநோக்கி, 1842-இல் சீறாவை முதன்முதலாக அச்சில் கொண்டு வந்தார்கள். அவர்கள் அப்படி உழைக்கவில்லையானால் நமக்குச் சீறா முழுதாய்க் கிடைத்திருக்குமோ என்பது ஐயமே. பிற்காலத்தில் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் அவர்கள் அதற்கு உரை கண்டார்கள்.

எட்டயபுரத்தில் புலவர் அடங்கிய இடத்தில் 1912-இல் நினைவுக் கட்டடம் எழுப்பியவர் பிச்சையாக் கோனார் என்னும் இந்து அன்பர். குரு கடிகைமுத்துப் புலவர் தொடங்கி வைத்த அன்பைக் கோனார் முடித்து வைத்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது. பின்னர்த் தமிழ்நாட்டு அரசு அங்கே மணிமண்டபம் அமைத்து 2007-இல் திறந்தது.

நம் பக்கத்து நாட்டிலும் அவர் பெயர் விளங்கியது. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைச் சேர்ந்த நம் சகோதரர்கள் 1946-இல் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். போர் ஓய்ந்த மறு ஆண்டு அது. அவரவர் வயிற்றுப்பாடே பெரும்பாடாக இருந்த காலம். அப்போதும் பிள்ளைகளின் தமிழ்க் கல்விக்கென்று கையை அவிழ்த்தார்கள். அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்து 1982-இல் மூடப்பட்டது. ஆயினும் அங்குள்ள தமிழ் மொழி நிலையம் ஒன்று இன்றும் உமறுப் புலவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நமக்குள்ள கடமை

தானா ராத்தாவில் இருந்துகொண்டு எட்டயபுரத்துக் கதையை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். தாப்பாவிலிருந்து மலைப்பாதை ஏறி வந்து, தேயிலைத் தோட்டத்து ஜனங்களை நம்பிக் கடை வைத்த நம் மூத்தவர்களும் சிற்றூர் மண்ணில் அடங்கியவர்கள்தாம். அவர்கள் கபருக்குப் போய் ஸலாம் சொல்லி துஆ கேட்டு வருகிறோம். அது நல்ல காரியம். அவர்கள் பேசிய மொழியும் கேட்ட பாட்டும் எங்கே என்று பார்ப்பதும் நம் கடமையல்லவா?

நம் பிள்ளைகளில் பலர் மலாய்ப் பள்ளிகளில் படிக்கிறார்கள். மலாய் மொழி நன்றாய் வருகிறது, ஆங்கிலமும் வருகிறது. வேண்டியதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைக்குச் சீறாப்புராணம் பூட்டிய பெட்டி. அதில் தம் நபியைப் பற்றி, தம் பாட்டனார் மொழியில், 5027 பாட்டு இருப்பது அவனுக்குத் தெரியாமலே போய்விடும். அன்று கறையானுக்குத் தப்பிய நூல் இன்று நம் அசட்டையால் போனால் யார் என்ன செய்ய முடியும்?

ரபீவுல் அவ்வல் மாதத்திலும் மற்ற நல்ல நாட்களிலும், ஒருவர் சீறாவை ராகத்தோடு படிக்க மற்றொருவர் பொருள் சொல்ல, ஊரார் கூடியிருந்து கேட்கும் வழக்கம் நம் பாட்டன்மார் காலத்தில் ஊர்தோறும் இருந்தது. அதை இங்கே மீட்டெடுக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. உரையோடு கூடிய சீறாப்புராணம் ஒரு தொகுதி. மாதத்தில் ஓர் இரவு. இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம். மானுக்குப் பிணை நின்ற படலத்திலிருந்தே தொடங்கலாம். பிள்ளைகள் ஆசையோடு கேட்பார்கள். கேட்கும் பிள்ளைகளில் இரண்டு பேர் அந்த எழுத்தைத் தாமே படிக்க வேண்டும் என்று வந்தால், கற்பிக்கச் சங்கத்தில் ஆள் இருக்கிறது. வரும் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதைப் பற்றித் தங்கள் கருத்தைச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.

உமறுப் புலவர் அவர்களுக்கும், அவருக்குப் பொருள் கொடுத்த வணிகப் பெருமக்களுக்கும், மார்க்கம் சொல்லிக் கொடுத்த பெரியோர்களுக்கும், இம்மலை நாட்டில் அடங்கிய நம் முன்னோர்களுக்கும் வல்ல அல்லாஹ் மேலான சுவனபதியைத் தந்தருள்வானாக. நம் பொருளிலும் நம் பிள்ளைகளின் கல்வியிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.